பிடித்த வேகத்தை விட்டுவிடும் பிக்அப்: ஒரு குரூஸ் கண்ட்ரோல் கோளாறின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1990களின் நடுப்பகுதியில் வந்த பெட்ரோல் பிக்அப். ஆட்டோமேட்டிக் கியர், பின்சக்கர இயக்கம், ஆக்சிலரேட்டருக்குக் கேபிள். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே செட் செய்த வேகத்தைப் பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோல், வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தால்) இயங்கும் பழைய வகை. உரிமையாளரின் புகார் ஒரே வரி: குரூஸ் சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை. புகாரோடு தீர்ப்பையும் அவரே கொண்டுவந்திருந்தார். குரூஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான மாட்யூல் போய்விட்டது, உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து கழற்றிய ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிவிடலாமா என்று கேட்டார். இதற்கு முன் பார்த்தவர் வேக சென்சாரையும், ஆக்சிலரேட்டரை இழுக்கும் செர்வோவையும் மாற்றியிருந்தார். கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது.

மாட்யூலை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சில கேள்விகள் கேட்டேன்.

"விடும்போது எப்படி விடுகிறது? சட்டென்று விடுகிறதா, வேகம் மெல்லக் குறைகிறதா?"

"இரண்டும் உண்டு. மேட்டில் ஏறும்போது மெல்ல மெல்ல இறங்கும். சமதளத்தில் ஏதாவது குழியில் விழுந்தால் சட்டென்று விட்டுவிடும்."

"சட்டென்று விட்டபிறகு ரெஸ்யூம் அழுத்தினால் பழைய வேகத்துக்குப் போகிறதா?"

"சில சமயம் போகும். சில சமயம் எதை அழுத்தினாலும் அசையாது."

இந்த இரண்டு பதில்களும் மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி வழியைக் காட்டிவிட்டன. உரிமையாளர் ஒரு கோளாறு என்று நினைத்தது இரண்டு கோளாறுகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்ததால்தான் முன்பு பார்த்தவருக்கும் பிடிபடவில்லை.

விடும் விதம்

குரூஸ் கண்ட்ரோல் சந்தேகம் வந்தால் விலகிக்கொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டது. வேகத்தைப் பிடித்துவைப்பது அதன் இரண்டாவது வேலைதான். பிரேக் மிதிபடவில்லை, வண்டி குறைந்தபட்ச வேகத்துக்கு மேல் போகிறது (பெரும்பாலும் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டி), மின்சாரம் சரியாக வருகிறது, கியர் நியூட்ரலில் இல்லை, கிளட்ச் உள்ள வண்டியானால் அதுவும் மிதிபடவில்லை. இத்தனையும் உறுதியானால்தான் அது ஆக்சிலரேட்டரைத் தொடும். கையெழுத்து ஒன்று குறைந்தாலும் மேசையை விட்டு நகராத கோப்பைப் போன்றது. எனவே எது கெட்டுப்போயிற்று என்று தேடுவதைவிட, யார் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று தேடுவது விரைவில் முடியும்.

மறுப்பவர் யார் என்பதை அது விடும் விதமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சட்டென்று விட்டு, ரெஸ்யூம் அழுத்தினால் பழைய வேகத்துக்குத் திரும்பினால், மாட்யூலின் நினைவு அழியவில்லை என்று பொருள். மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. மாட்யூலுக்கு யாரோ பிரேக் மிதித்த செய்தியைக் கொடுத்திருக்கிறார்கள். பிரேக் சுவிட்ச், அதன் வயர், விளக்குகள் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். சட்டென்று விட்டு, ரெஸ்யூமுக்கும் அசையாமல், புதிதாக செட் அழுத்தினால் மட்டும் வேலை செய்தால், நினைவு அழிந்திருக்கிறது. ஒரு கணம் மின்சாரம் போயிருக்கும். ஃபியூஸ், எர்த், ஆன்-ஆஃப் சுவிட்ச், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் வயர்ச் சுருளான கிளாக் ஸ்பிரிங் ஆகியவை சந்தேகப்பட்டியலில் வரும். எதுவும் சட்டென்று நடக்காமல் வேகம் மெல்லக் கரைந்தால், மின்சாரப் பக்கம் அனுமதி கொடுத்துவிட்டது, கைதான் வலுவிழந்திருக்கிறது. இந்த வகை வண்டியில் அந்தக் கை வேக்குவம். நான்காவது வகையும் உண்டு: வேகம் அலை அலையாக ஏறி இறங்கும். அதற்குக் கேபிளின் தளர்வோ வேக சென்சாரின் ஒழுங்கற்ற துடிப்போ காரணமாக இருக்கும்.

இந்தப் பிக்அப்பில் முதல் வகையும் மூன்றாம் வகையும் சேர்ந்து இருந்தன. எதை அழுத்தினாலும் அசையாத நாட்கள் முதல் வகையின் முற்றிய நிலை என்று ஊகித்தேன். பிரேக் மிதித்த செய்தி கண நேரம் வந்தால் விட்டுவிடும். அது நிலையாகவே வந்துகொண்டிருந்தால் செட் ஆகவே செய்யாது.

அமைப்பைப் பற்றிக் கொஞ்சம்

குரூஸ் கண்ட்ரோல் மின்னணுக் காலத்துச் சரக்கு அல்ல. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் இதற்கான காப்புரிமையை 1950இல் பெற்றார். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர் அவர். 1958ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் வண்டிகளில் அது விற்பனைக்கு வந்தது. பிறகு கணினிச் சில்லு வந்து கணக்குப் போடும் வேலையை எடுத்துக்கொண்டாலும், ஆக்சிலரேட்டரை இழுக்கும் வேலை வெகுகாலம் வேக்குவத்திடமே இருந்தது.

பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது ஆக்சிலரேட்டரால் திறந்து மூடும் த்ராட்டில் வால்வு வழியை மறிப்பதால், அதற்குப் பின்னால் காற்று என்ஜினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் உருவாகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெல்ல ஓடும் நிலையில், அது 18 முதல் 21 அங்குல பாதரசம் வரை இருக்கும். அங்கிருந்து ஒரு ஹோஸ் கிளம்பி, ஒருவழி வால்வு வழியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து செர்வோவுக்கும் போகிறது. செர்வோவுக்குள் டயாஃபிரம் என்ற ரப்பர் சவ்வு. அதை வேக்குவம் இழுத்தால் அது கேபிளை இழுக்கும், கேபிள் த்ராட்டிலைத் திறக்கும்.

செர்வோவின் மேல் மின்சாரத்தால் திறந்து மூடும் இரண்டு சோலனாய்டு வால்வுகள். ஒன்று வேக்குவத்தை உள்ளே விடுவது, மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும். மற்றது வெளிக்காற்றை உள்ளே விடுவது, மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும். வயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், மாட்யூல் செத்தாலும் வேக்குவம் வரும் வழி அடைபட்டு வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். ஸ்பிரிங் த்ராட்டிலை மூடிவிடும். இதுவும் போதாதென்று பிரேக் பெடலின் தண்டில் தனியாக ஒரு காற்று வால்வு இருக்கிறது. பெடல் அசைந்த மறுகணமே அது செர்வோவின் வேக்குவத்தை வெளியேற்றிவிடும். இதற்கு மின்சாரமே தேவையில்லை. இத்தனை எளிய பொருட்களை வைத்து இவ்வளவு எச்சரிக்கையாக ஓர் அமைப்பைக் கட்டியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. பழுது பார்க்கும்போது அதே எச்சரிக்கைதான் உயிரை வாங்குகிறது என்பது வேறு விஷயம்.

முதல் கோளாறு: இல்லாத பிரேக்

மாட்யூல் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்தது. அதன் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வயர் வயராகப் பார்த்தேன். பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போவதைவிட இது மேல். எல்லாக் கையெழுத்துகளும் வந்து சேரும் ஒரே இடம் அந்தக் கனெக்டர்தான்.

மின்சாரம் 12.4 வோல்ட் வந்தது. எர்த்தை ஓம் மீட்டரால் மட்டும் பார்த்து நம்பக் கூடாது. அரித்துப்போன வயரில் ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். ஒரு சிறிய பல்பை அந்த எர்த்தின் வழியே எரியவிட்டு வோல்டேஜ் இழப்பை அளந்தேன், புறக்கணிக்கத்தக்க அளவே இருந்தது. வேக சென்சாரின் துடிப்பு வந்தது. அது புதியது என்பதால் நம்பவில்லை, வண்டியை நகர்த்திப் பார்த்தபிறகுதான் நம்பினேன். ஸ்டீயரிங் பொத்தான்கள் ஒரே வயரில் வேலை செய்பவை. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு ரெசிஸ்டர், வயரில் தெரியும் ஓம் அளவை வைத்து எது அழுத்தப்பட்டது என்று மாட்யூல் புரிந்துகொள்ளும். ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை திருப்பினேன். எண்கள் கையேட்டில் சொன்னபடியே இருந்தன, திருப்பும்போது தாவவில்லை. கிளாக் ஸ்பிரிங் பட்டியலிலிருந்து நீங்கியது. ஹாரன் எப்போதும் ஒழுங்காக அடித்ததும் அதற்கு ஒத்துப்போனது. இரண்டும் ஒரே சுருளின் வழியாகத்தான் வருகின்றன.

பிரேக் விளக்கு வயரில்தான் விஷயம் இருந்தது.

பெடலை மிதித்தால் அந்த வயரில் 12 வோல்ட் வந்தது, விட்டால் போய்விட்டது. பின்னால் இரு பக்கமும் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. இத்துடன் நிறுத்துபவர்கள் பிரேக் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஆனால் இந்தத் தலைமுறை மாட்யூல்களில் பல, பெடல் மிதிபடாத நேரத்தில் அந்த வயரில் வெறுமனே வோல்டேஜ் இல்லாமல் இருப்பதை ஏற்றுக்கொள்வதில்லை. அந்த வயர் எர்த்தோடு இணைந்திருப்பதை அவை பார்க்க வேண்டும். எர்த் எங்கிருந்து கிடைக்கிறது? பிரேக் பல்பின் இழை வழியாக. குளிர்ந்த நிலையில் சாதாரண பல்பின் இழைக்கு ஓர் ஓம் அளவுதான் தடை. மாட்யூலின் பார்வையில் அது நேரடி எர்த்துதான். மாட்யூல் தன் பக்கத்திலிருந்து அந்த வயருக்கு மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். இழை அதை எர்த்துக்கு இழுத்துவிட்டால் வயரில் வோல்டேஜ் பூஜ்யம், சம்மதம். இழை இல்லாவிட்டால் வோல்டேஜ் மேலே ஏறும், பிரேக் மிதித்ததாகவே கணக்கு.

இதில் நியாயம் இருக்கிறது. பிரேக் விளக்கு வயர் எங்காவது அறுந்திருந்தால், பிரேக் மிதித்தாலும் மாட்யூலுக்குத் தெரியாது. ஆகவே அந்த வயர் முழுமையாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சோதிக்க, பல்பின் இழையையே சாட்சியாக்கியிருக்கிறார்கள்.

பெடலை விட்ட நிலையில் அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பார்த்தேன். மீட்டரில் இணைப்பே இல்லை. பின் விளக்குகளைக் கழற்றியபோது காரணத்தின் பாதி தெரிந்தது. இரண்டு பக்கமும் எல்இடி பல்புகள். உரிமையாளர் பல மாதங்களுக்கு முன் மாற்றியவை. எல்இடியில் இழை கிடையாது. மாட்யூல் அனுப்பும் சிறு மின்னோட்டத்தில் அது விழித்துக்கொள்வதும் இல்லை.

ஆனால் இது பாதிதான். எல்இடி மட்டுமே காரணம் என்றால், மாற்றிய அன்றே குரூஸ் நிரந்தரமாக நின்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அது சில நாள் நன்றாக ஓடியிருக்கிறது. எங்கோ இன்னும் ஓர் இழை உயிரோடு இருந்து சம்மதம் கொடுத்துக்கொண்டிருந்தது.

கேபினின் பின்புறம், கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்குதான் அது. அமெரிக்காவில் கார்களுக்கு இந்த விளக்கு 1986 மாடலிலிருந்தும், பிக்அப் போன்ற இலகு டிரக்குகளுக்கு 1994 மாடலிலிருந்தும் கட்டாயமானது. இந்த வண்டியில் அது இருந்தது. உரிமையாளர் அதில் கைவைக்கவில்லை, பழைய பல்பே இருந்தது. அதன் மூடியைக் கைமுட்டியால் தட்டினேன். மீட்டரில் இணைப்பு வந்தது, ஒன்றரை ஓம். மீண்டும் தட்டினேன், போய்விட்டது.

மூடியைத் திறந்தபோது ரப்பர் கேஸ்கெட் சுருங்கி வெடித்திருந்தது. பல வருடத்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி ஹோல்டரின் பித்தளைத் தகடுகளைப் பச்சையாக அரித்திருந்தது. பிக்அப்களில் இந்த இடம் ஒழுகுவது வழக்கமான சங்கதி. கேபின் கூரையின் உள்துணியில் பழுப்புக் கறை தெரிந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். ஓட்டுபவருக்கு இந்த விளக்கு கண்ணில் படுவதே இல்லை. பின்னால் வருபவர்களும் கீழே இரண்டு விளக்குகள் எரிந்தால் மேலே உள்ளதைக் கவனித்துச் சொல்லப்போவதில்லை.

இப்போது புகாரின் எல்லா வரிகளும் பொருந்தின. எல்இடி போட்ட நாள்முதல் குரூஸ் முழுவதும் அரித்துப்போன ஒரே ஹோல்டரை நம்பி ஓடியிருக்கிறது. குழியில் விழுந்தால் தொடர்பு ஒரு கணம் விடும், குரூஸ் விலகும், தொடர்பு திரும்பியதும் ரெஸ்யூம் வேலை செய்யும். ஈரமான நாட்களில் தொடர்பு வருவதே இல்லை, எதை அழுத்தினாலும் அசையாது. மாட்யூல் முதல் நாளிலிருந்தே ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஊகத்தை உறுதிசெய்யாமல் பழுதைச் சரிசெய்ய எனக்குப் பிடிக்காது. மூன்றாவது விளக்கை அப்படியே விட்டுவிட்டு, பின் விளக்கு ஒன்றில் மட்டும் சாதாரண இழை பல்பைப் போட்டு, ஒரு நீண்ட வயரால் பிரேக் விளக்கு வயரை மீட்டரோடு இணைத்து, மீட்டரை உரிமையாளர் கையில் கொடுத்து ஓட்டினோம். குண்டும் குழியுமான சாலையிலும் குரூஸ் விடவில்லை. வோல்டேஜ் பூஜ்யத்திலேயே நின்றது. இடதுபக்க இண்டிகேட்டர் போட்டபோது மட்டும் விட்டுவிட்டது.

உரிமையாளர் திடுக்கிட்டார். இது எதிர்பார்த்ததுதான். இந்த வண்டியில் பின்புறம் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழை. இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து இழை பிரேக் வயரிலிருந்து கழன்று, விளக்கை மினுக்கவைக்கும் ஃபிளாஷரோடு சேர்ந்துகொள்ளும். சாதாரண பல்பை இடப்பக்கம் மட்டும் போட்டிருந்ததால், இடப்பக்க இண்டிகேட்டர் போட்டதும் இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. சோதனைக்கு இதைவிடத் தெளிவான முடிவு கிடைக்காது. இண்டிகேட்டருக்குத் தனி விளக்கு உள்ள வண்டிகளில் இந்தக் குழப்பம் வராது.

பின்னால் இரண்டு பக்கமும் இழை பல்புகளுக்கே திரும்பினோம். மூன்றாவது விளக்குக்குப் புதிய ஹோல்டரும் புதிய கேஸ்கெட்டும். எல்இடியை வைத்துக்கொண்டே இழைக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்க்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். சேர்க்கலாம். வழக்கமாக விற்கப்படும் 6 ஓம் ரெசிஸ்டர் பிரேக் மிதித்திருக்கும் நேரமெல்லாம் 30 வாட் அளவுக்குச் சூடாகும், பிளாஸ்டிக் விளக்குக் கூட்டுக்குப் பக்கத்தில். எல்இடி போட்டு மிச்சப்படுத்திய மின்சாரத்தை ஒரு கம்பியில் கொட்டிச் சூடாக்குவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. மூன்றாவது விளக்கை நம்பி இரு பக்கமும் எல்இடியை விட்டுவைப்பதும் பழைய நிலைமைக்கே திரும்புவதுதான்.

இரண்டாவது கோளாறு: மேட்டில் கரையும் வேகம்

முதல் கோளாறு ஓய்ந்ததால் இரண்டாவது தனியாக மேடைக்கு வந்தது. 90இல் செட் செய்து நீண்ட மேடு ஏறினால் வேகம் 85, 80 என்று இறங்கி, 70ஐ ஒட்டி குரூஸ் தானாக விலகிக்கொண்டது. செட் செய்த வேகத்திலிருந்து வெகுவாகக் கீழே போனால் விலகிக்கொள்வது பல மாட்யூல்களின் இயல்பு. ஆகவே இங்கும் இறுதியில் நடந்த விலகல் விளைவுதான். அதற்கு முந்தைய சரிவைத்தான் தேட வேண்டும். என்ஜினில் குறை இல்லை. காலால் மிதித்தால் அதே மேட்டில் 100இல் ஏறியது.

மேட்டில் ஏறும்போது த்ராட்டில் அகலத் திறக்கிறது. திறக்கத் திறக்க மேனிஃபோல்டு வேக்குவம் குறைகிறது. முழுக்கத் திறந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அதாவது குரூஸுக்கு அதிக வலு தேவைப்படும் அதே நேரத்தில்தான் அதன் வலு வற்றுகிறது. இந்த முரண்பாட்டைச் சமாளிக்கத்தான் தொட்டியும் ஒருவழி வால்வும். சமதளத்தில் நிறைந்த வேக்குவத்தைத் தொட்டி சேமிக்கும். மேனிஃபோல்டில் வேக்குவம் வீழ்ந்தாலும் சேமிப்பு திரும்பி ஓடிவிடாமல் வால்வு காக்கும்.

சோதிக்க வண்டியை ஓட்டவே தேவையில்லை, என்ஜினை நிறுத்தத்தான் வேண்டும். செர்வோவுக்குப் போகும் ஹோஸில் வேக்குவம் கேஜைப் பொருத்தி என்ஜினை ஐடிலில் விட்டேன், 19 அங்குலம். என்ஜினை அணைத்தேன். ஆரோக்கியமான அமைப்பில் ஊசி நிமிடக்கணக்கில் அங்கேயே நிற்கும். இங்கே சில நொடிகளில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

சேமிப்பு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்துப் பார்ப்பதே சிறந்த வழி. பிரேக் பெடல் வால்வுக்குப் போகும் ஹோஸை மூடினேன், மாற்றமில்லை. செர்வோவைக் கைப் பம்பால் தனியாகச் சோதித்தேன், 15 அங்குலம் ஏற்றியதும் அசையாமல் பிடித்தது. தொட்டிக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே நெரித்தபோது ஊசி நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது ஒருவழி வால்வு மட்டுமே. கழற்றி இரு பக்கத்திலிருந்தும் ஊதினேன். இரண்டு பக்கமும் காற்று தாராளமாகப் போனது. உள்ளே இருந்த ரப்பர் வட்டு கெட்டியாகி வளைந்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்த ரப்பருக்கு இது சகஜம்.

இதுவரை யாரும் இதைச் சந்தேகிக்காததற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. வேக்குவம் கசிவு என்றால் ஐடில் தடுமாறும், எங்காவது சீறல் கேட்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இந்தக் கசிவில் வெளிக்காற்று உள்ளே வரவே இல்லை. தொட்டியின் சேமிப்பு மேனிஃபோல்டுக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. என்ஜினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஐடில் சீராக இருந்தது, சத்தமும் இல்லை. செர்வோவை மாற்றியவரும் ஐடிலில் கேஜைப் பார்த்து 19 அங்குலம் வருகிறது என்று திருப்தி அடைந்திருப்பார். அந்த எண் சரியானதுதான். ஆனால் மேடு ஏறும்போது நிலவரம் என்ன என்று அது சொல்லாது. கழற்றப்பட்ட பழைய செர்வோ வண்டியின் கருவிப்பெட்டியில் கிடந்தது. அதையும் கைப் பம்பால் பார்த்தேன், அதுவும் நன்றாகவே பிடித்தது.

வால்வு மிகச் சிறிய பொருள். மாற்றும்போது அம்புக்குறியின் திசையை மட்டும் கவனிக்க வேண்டும், திருப்பிப் போட்டால் குரூஸுக்கு வேக்குவமே வராது. அதை ஒட்டியிருந்த இரண்டு ஹோஸ்களும் விறைத்து நுனியில் வெடித்திருந்தன, அவற்றையும் மாற்றினேன். வேக்குவத்துக்கு உரிய ஹோஸையே போட வேண்டும். மெல்லிய பெட்ரோல் டியூபைப் போட்டால் சூட்டில் இளகி, உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும்.

மறுபடியும் அதே மேட்டுக்குப் போனோம். இம்முறை கேஜின் ஹோஸை நீட்டி கேபினுக்குள் கொண்டுவந்திருந்தேன். இரண்டு கேஜுகள், ஒன்று மேனிஃபோல்டுக்கு, ஒன்று செர்வோ பக்கத்துக்கு. மேட்டின் நடுவில் மேனிஃபோல்டு 5 அங்குலத்துக்கு இறங்கியது, செர்வோ பக்கம் 14இல் நின்றது. வால்வை மாற்றுவதற்கு முன் இரண்டு ஊசிகளும் ஒன்றாகவே இறங்கியிருக்கும். வேகம் 90இலிருந்து 87க்குக் கீழே போகவில்லை. அந்த மூன்று கிலோமீட்டர் சரிவுக்குக் கேபிளில் இருந்த கூடுதல் தளர்வு காரணம். செர்வோ தளர்வை இழுத்து முடித்தபிறகுதான் த்ராட்டிலைத் தொடுகிறது. கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்தேன். தளர்வை முற்றிலும் நீக்குவது ஆபத்து, ஐடிலில் த்ராட்டில் முழுமையாக மூடாது.

பழுது முடிந்தபிறகு செய்ய வேண்டியவை

குரூஸ் பிடிப்பதைச் சோதிப்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். விடுவதைச் சோதிப்பதுதான் முக்கியம். ஆளில்லாத சாலையில் குரூஸை செட் செய்து, பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும், உடனே விட வேண்டும். பிறகு பிரேக் விளக்கு ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பெடல் தண்டின் காற்று வால்வு மட்டும் தனியாக விடவைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸைக் கழற்றினாலும் இழையின் எர்த் அப்படியே இருப்பதால் குரூஸ் செட் ஆகும். ஆனால் பிரேக் விளக்குகள் எரியாது. பின்னால் வண்டி வரும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது. சில வண்டிகளில் அதே ஃபியூஸ் வேறு பலவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் என்பதால், வயரிங் படத்தைப் பார்க்காமல் தொட வேண்டாம். இந்தப் பிக்அப்பில் இரண்டு வழியும் தனித்தனியே வேலை செய்தன.

ஜாக்கியில் தூக்கிப் பின்சக்கரங்களைச் சுழலவிட்டு குரூஸைச் சோதிப்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. பாரமில்லாத சக்கரத்தை எந்தக் கட்டுப்பாடும் அளவோடு பிடிக்காது, எதையும் தெளிவாகக் காட்டாத ஒரு சோதனைக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

காற்று வால்வுக்குப் பதிலாக பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்ச் உள்ள வண்டிகளும் இருக்கின்றன. மாஸ்டர் சிலிண்டரில் திருகியிருக்கும் அந்தச் சுவிட்ச்சில் நாள்பட நாள்பட உள் சவ்வு கிழிந்து, ஆயில் மின்தகடுகள் இருக்கும் பக்கத்துக்குக் கசியும். பல மாடல்களில் சாவி ஆஃப் ஆனாலும் அதற்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். நிறுத்திவைத்த வண்டி தானாகத் தீப்பிடிக்க இது போதும். ஃபோர்டு நிறுவனம் இந்தக் காரணத்துக்காக 1999க்கும் 2009க்கும் இடையில் பல தவணைகளாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பிக்அப்கள் ஏராளம். தீர்வாக அந்தச் சுவிட்ச்சின் வயரில் ஃபியூஸோடு கூடிய இணைப்பு ஒன்றைப் பொருத்தினார்கள். அந்தக் காலத்து வண்டியை யாராவது குரூஸ் வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தால், நான் முதலில் பார்ப்பது அந்தச் சுவிட்ச்சின் கனெக்டருக்குள் ஆயில் இருக்கிறதா என்றுதான். இருந்தால் குரூஸைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அதன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

டீசல் பிக்அப்களில் த்ராட்டில் மறிப்பதால் உண்டாகும் மேனிஃபோல்டு வேக்குவம் கிடையாது, என்ஜினால் சுழலும் தனி பம்பு அந்த வேலையைச் செய்யும். மேட்டில் மட்டும் குறையும் கோளாறு அங்கே இந்த வடிவில் வராது, எல்லா இடத்திலும் சமமாக மந்தமாகத்தான் இருக்கும். வேக்குவத்துக்குப் பதில் மின்மோட்டாரால் கேபிளை இழுக்கும் வகையில் ஹோஸ் பற்றிய கவலையே இல்லை. ஆனால் பிரேக் விளக்கு இழை பற்றி மேலே சொன்னது அவற்றிலும் பலவற்றுக்குப் பொருந்தும். கேபிளே இல்லாத புதிய வண்டிகளில் குரூஸ் என்ஜின் கணினிக்குள்ளேயே போய்விட்டது. கடைசியாக எந்தெந்தக் காரணங்களால் விலகியது என்பதை அவற்றில் பல பதிந்துவைக்கும், ஸ்கேனரை இணைத்தால் திரையில் வாசித்துவிடலாம். இந்தப் பிக்அப்பின் காலத்தில் அந்த வசதி இல்லை, அதனால்தான் மீட்டரை உரிமையாளர் கையில் கொடுத்துக் குழிகளின் மேல் ஓட்ட வேண்டியிருந்தது.